விளம்பர வரியும் என் மச்சானும்

மேடையில் மௌனமே தோல்வி என்று பயின்றவன் நான். கேள்வி முடியுமுன் விடை புறப்பட வேண்டும். குறிப்பைப் புரட்டுபவன் பாதி தோற்றவன். அந்தப் பயிற்சி பெற்றுத் தந்த கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் இடமின்றி நிற்கின்றன. என் அத்தை மகனோ பள்ளி மேடையில் ஒருமுறை வணக்கம் சொன்னான். அடுத்த சொல் வராமல் இறங்கிவிட்டான். இன்று அவன் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான்.

இணைய விளம்பரத்துக்கான ஜிஎஸ்டியைச் சிறு வணிகர்களுக்கு விளக்க, சிதம்பரம் கீழ வீதி மண்டபம் ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பேச்சு எடுபட்டால் மாவட்டத்தின் எல்லா ஊர்களிலும் அந்த வகுப்பு எனக்கே என்றிருந்தார் சங்கச் செயலாளர். அதற்கு ஆசைப்பட்டேன். பொருளை எனக்குக் கற்பித்தவன் மச்சான்தான்; கடலூரிலிருந்து பேருந்தில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். ஆயினும் மடிக்கணினியை இயக்க வந்தவன் என்றே அவனை அறிமுகம் செய்தேன்.

"விளம்பரக் கணக்கில் ஆயிரம் ரூபாய் செலுத்துகிறீர்கள். விளம்பரத்துக்குச் செல்வது எண்ணூற்று நாற்பத்தேழு! மீதி எங்கே? பதினெட்டு விழுக்காடு வரியாக அரசின் வாசலில் நிற்கிறது. உங்கள் ஜிஎஸ்டி எண்ணை அந்தக் கணக்கில் பதியுங்கள். பில் உங்கள் கடையின் பெயரில் வரும். நீங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம்!"

கைதட்டல் எழுந்தது. மச்சான் கேட்டானா என்று பார்த்துக்கொண்டேன்.

லால்பேட்டை அத்தர் கடைக்காரர் எழுந்தார். "தம்பி, நான் காம்போசிஷன்ல இருக்கேன். விக்கிறதுல ஒரு பர்சென்ட் மொத்தமா கட்டிட்டு உட்டுடுறேன். எனக்கும் கழிக்கலாமா?"

மச்சான் பேருந்தில் அதைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தான். அப்போது நான் என் தொடக்க வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உண்டு!" என்றேன். "வரி செலுத்திய ஒவ்வொருவருக்கும் உண்டு!"

மறுபடியும் கைதட்டல். அது அடங்கியதும், ஒலிவாங்கி இல்லாமலே மச்சான் சொன்னான்: "கெடையாது பாய். காம்போசிஷன்ல இருந்தா கழிக்க முடியாது. அந்தப் பதினெட்டும் ஒங்க செலவுதான். அதையும் சேத்துப் பாத்துட்டு வெளம்பரம் போடுங்க."

"அப்ப அவுரு உண்டுன்னாரு?"

"அவுரு நல்லா பேசுவாரு பாய்."

மண்டபம் சிரித்தது. அவன் கேலியாகச் சொல்லவில்லை; என்னைக் காப்பாற்றவே சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முடிவில் எனக்குச் சால்வை அணிவித்தார்கள். அவனைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. ஒருவர் கேட்டதற்கு, "தெரியல மாமா, பாத்துச் சொல்றேன்" என்றான். அவரோ உடனே அவனுடைய ஃபோன் நம்பரைக் குறித்துக்கொண்டார். தெரியாது என்று சொல்பவனை நம்பும் அவையை நான் அன்றுதான் கண்டேன்.

செயலாளர் மச்சானின் தோளில் கை வைத்தார். "அடுத்து காட்டுமன்னார்கோயில். நீயே எடுத்துடு தம்பி."

"ஐயோ, மைக்ல எனக்கு வராது சார். மச்சானே பேசட்டும். நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்."

நான் ஆசைப்பட்ட மாவட்டம் முழுவதும் எனக்கே கிடைத்தது, அவன் கொடுத்து. திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையையும் கொடுத்தான். வரும்போது காதில் வாங்காத காம்போசிஷனை மறுபடி சொல்லும்படி அவனைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கடலூர் சிப்காட் புகைபோக்கிகள் தெரியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்.