பூமிகா பேரில் ஏறிய மாத்திரை

சந்திரகலா காலை ஆறு மணிக்கே பூமிகா வீட்டு வாசலில் போய் நிற்பது பூமிகாவைப் பார்க்க அல்ல. ஏழு மணி கம்பெனி பஸ் வருவதற்குள் பூமிகாவின் புருஷன் சசிகுமாருக்கு பிரஷர் பார்த்தாக வேண்டும். பட்டையை அவன் கையில் சுற்றுவாள். வந்த எண்ணைக் கைபேசியில் பூமிகா பேருக்கு ஏற்றுவாள். மாதம் முப்பது எனலாப்ரில் பிரஷர் மாத்திரையும் பூமிகா பேரில்தான். விழுங்குவது அவன்.

ஆரம்பாக்கத்தைச் சுற்றி வீடுவீடாக மாத்திரை கொடுக்கும் வேலைக்குச் சந்திரகலா வந்து நாலு வருஷம். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் காண்ட்ராக்டில் ஓடும் ஆம்பளைகள் தங்கள் பேரில் பிரஷர் மாத்திரை வாங்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் பேர் ஏறினால் காண்ட்ராக்டர் காதுக்குப் போய்விடுமாம். அப்படியெல்லாம் போகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் புருஷன் வெங்கடேசனுக்குக் கம்பெனி முகாமில் பிரஷர் நூற்றெழுபது காட்டியதும், "ரெண்டு நாள் ரெஸ்ட் எடு, கூப்புடறோம்" என்று அனுப்பியவர்கள் இன்றுவரை கூப்பிடவில்லை. இப்போது எளாவூரில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறான். பெண்டாட்டி பேரில் எழுதச் சொல்லி சசிகுமார் கேட்டபோது அவளால் முடியாது என்று சொல்ல வரவில்லை. ஒரு வீடு நாலு வீடாயிற்று.

ஆவணியில் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் தேவதர்ஷினி சுகாதார நிலையத்துக்கு வந்தார். மாத்திரைப் பதிவையும் பிரசவப் பதிவையும் ஒன்றாகச் சேர்த்து, எந்த மாத்திரை என்ன செய்கிறது என்று ஆராய்கிறவர். சின்ன வயசு.

"அக்கா, இந்த மாத்திரைய கர்ப்பிணிகளுக்குக் குடுக்கவே கூடாது. குழந்தையோட கிட்னி போயிடும். ஆனா தெரியாம சாப்பிட்டவங்க இந்த வட்டாரத்துல பதினோரு பேர் இருக்காங்க. உங்க ஏரியால மட்டும் நாலு. நாலு குழந்தையும் கொழுகொழுன்னு இருக்கு! பதிவெல்லாம் சரிதானே?"

"சரிதான் டாக்டர்."

வாய் முந்திக்கொண்டது. டாக்டர் நாலு பேருக்கும் நேரே டிக் போட்டார்.

வீட்டுக்கு வந்து, சோறு பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றவளை வெங்கடேசன் பார்த்தான். விஷயத்தைக் கேட்டு, "அத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க?" என்றான்.

"எழுதுவாங்க. பயந்த அளவுக்கு ஒண்ணும் ஆவலன்னு எழுதுவாங்க. அத்தப் படிச்சிட்டு எங்கியோ ஒரு டாக்டரு, புள்ளத்தாச்சிக்கு நெசமாவே குடுப்பாரு."

"சொன்னீன்னா உன் வேல பூடும். நாலு ஊட்டுக்காரனும் உன்ன ஏசுவான்."

"ஏசட்டும்" என்றாள். அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் முதலில் சசிகுமாரிடம் போய்ச் சொன்னாள். டிபன் பையை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"இன்னாக்கா பேஜாரு இது? எங்கியோ எவளுக்கோ வர்றதுக்கு என் பொழப்புல மண்ணப் போடுறியே. உன் ஊட்டுக்காரருக்கு ஆனதப் பாத்த நீயுமா?"

நாலு மாசப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பூமிகா குறுக்கே வந்தாள். "இரு. நான் ஒரு மாத்திர கூடப் போட்டதில்ல. அப்புறம் எப்பிடி என் புள்ளய காட்டி அது நல்ல மாத்திரன்னு சொல்லுவாங்க? என் பேர எடுக்கச் சொல்லுக்கா."

"உன் பேரு போச்சின்னா எனக்கு மாத்திர யாரு தருவா?" என்று அவளிடம் கத்திவிட்டு சசிகுமார் பஸ்ஸுக்கு ஓடினான்.

தெருமுனைக்கு வந்ததும் சந்திரகலா டாக்டருக்குப் போன் போட்டாள். நாலு பொண்ணும் அந்த மாத்திரையைத் தொட்டதே இல்லை என்றாள். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அப்போ மத்த ஏழு பேர்?"

"அந்த ஏரியாலாம் வேற அக்காங்க பாக்கறாங்க டாக்டர். ஊட்டுக்குப் போயி, மாத்திர யாரு முழுங்கறதுன்னு கேளுங்க."

பத்து நாளில் சுகாதார நிலையத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பெண்கள் சாப்பிடவில்லை என்று எழுதினாள். வேறு யார் சாப்பிட்டது என்ற இடத்தை வெறுமனே விட்டாள். அதை வாங்கிப் பார்த்த நிலையத்து மெடிக்கல் ஆபீசர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பேரு குடுக்காத ஆளுக்கு நான் எப்படிம்மா மாத்திரை தர்றது? வரச் சொல்லு. கம்பெனிக்குச் சொல்ல மாட்டோம்."

நாலு ஆம்பளைகளுக்கும் சொல்லி அனுப்பினாள். பெரியபாளையத்தில் மாமியார் வீடு இருக்கிறவன் மட்டும், அங்கே பதிந்துகொள்கிறேன் என்றான். சசிகுமார் போனை எடுக்கவே இல்லை. பூமிகாவுக்குப் போட்டாள்.

"ஷிஃப்டுக்குப் போயிக்கிறாருக்கா. ஒம்போது மாத்திர இருக்குதாம். ஒண்ணு உட்டு ஒண்ணு போட்டுக்கறேன்றாரு."

"அப்பிடிப் போடக்கூடாதுன்னு சொல்லு."

"சொன்னேன். உன் பேரச் சொல்லிச் சொன்னதாலதான் கேக்கல."