நாற்பதாவது கட்டம்

என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே படித்தாலும் பரவாயில்லை. 2009 நவம்பர் 19, வியாழக்கிழமை காலை 5.40க்கு நடந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. கூட்டுவதாக இருந்தால் என்னை நல்லவளாகக் காட்டியிருப்பேன்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. அங்கே சர்க்கரை வியாதிக்கு ஒரு புது மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ச்சி செய்தார்கள். அவர்களை வரவழைத்து, ரத்தம் எடுத்து, தாளில் எழுதும் வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். நானும் சந்திரலேகாவும். ஆளுக்கு நாற்பது நோயாளிகள். ஒருவர் கடைசிப் பரிசோதனைக்கு வந்துவிட்டால், சுவரில் மாட்டிய அட்டையில் அவருக்கான கட்டத்தில் பச்சை மை அடிப்போம்.

என் வரிசையில் பதினோரு கட்டம் காலி. அவள் வரிசையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அவளைப் பார்க்க நோயாளிகள் முருங்கைக்கீரையும் கருவாடும் கொண்டு வருவார்கள். என்னைப் பார்த்தால் "அந்தப் பாப்பா இல்லியா?" என்பார்கள். பெரிய டாக்டரும் "மாலதி, சந்திரலேகாகிட்ட கத்துக்கம்மா" என்பார். அடுத்த ஆராய்ச்சியில் நிரந்தர வேலை ஒருத்திக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

பரிசோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் போன் செய்து, "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல எதுவும் சாப்புடாதீங்க, காலைல வெறும் வயித்தோட வாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள். புதன்கிழமை சந்திரலேகா லீவு. திருவந்திபுரத்தில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. மறுநாள் வர வேண்டிய நான்கு பேரை, என் நோயாளிகள் மூன்று பேரையும் சேர்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

மூன்று பேருக்குப் போன் செய்தேன்.

நான்காவது, மஞ்சக்குப்பத்தில் இட்லிக்கடை வைத்திருந்த விருத்தாம்பாள். சந்திரலேகாவுக்குப் பாக்கியிருந்த அந்த ஒற்றைக் கட்டம். அந்த அம்மாவுக்குத் தேதி பார்க்கத் தெரியாது. போன் போனால்தான் வருவார். நான் செய்யவில்லை. மறந்து அல்ல.

மறுநாள் இன்னும் விடியவில்லை. நல்ல மழை. பின்வாசல் வழியாக உள்ளே போய் விளக்கைப் போட்டேன். மணி 5.40.

ஸ்டூலில் விருத்தாம்பாள் உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் அல்ல. ஏமாற்றத்தில்.

"யாரு வரச் சொன்னா?"

"நீதான் கூப்புடல. அதான் நானே வந்துட்டேன்."

வெளியே கொட்டுகிறது… அவர் புடவையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. யாராவது குடை பிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரஷர் பார்த்தேன். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமே இல்லை. மூன்று முறை காற்றடித்தேன். ஒன்றும் இல்லை. கருவி கோளாறு என்று நானாக 120/80 என்று எழுதினேன். கை சில்லென்று இருந்தது. ஊசி குத்தியபோது அவர் முகம் சுளிக்கவில்லை. ரத்தம் வந்தது. கறுப்பாக… மெதுவாக… குழாயில் சூடே இல்லை.

பஞ்சு ஒட்டினேன். தாளில் கைநாட்டு வாங்கினேன். நானும் கையெழுத்துப் போட்டேன்.

"பாப்பா வந்தா சொல்லு. நான் வந்துட்டேன்னு."

குழாயைத் தாங்கியில் வைக்கத் திரும்பினேன்.

மூன்று நொடி.

ஸ்டூல் காலி.

கதவு திறந்தால் 'கிறீச்' என்று கத்தும்.

கத்தவில்லை…

வராந்தாவுக்கு ஓடினேன். வாட்ச்மேன் பொன்னுரங்கம் கொட்டாவி விட்டார்.

"யாரும் வரலியேம்மா. கேட்டே இன்னும் தொறக்கல."

ஆறரைக்குச் சந்திரலேகா வந்தாள். நான் வாய் திறக்கவில்லை. 7.05க்கு அவள் செல்போன் அடித்தது. விருத்தாம்பாளின் மகன் செம்பியன். ஊசிக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அம்மா நேத்து மத்தியானம் பன்னெண்டே முக்காலுக்கு எறந்துட்டாங்க. மாரடைப்பு. தங்கச்சி பம்பாய்ல இருந்து வரணும்னு போட்டு வச்சிருக்கோம்."

சந்திரலேகா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. ராத்திரி நீங்க யாராச்சும் வந்தீங்களா? காலைல பாத்தா அம்மா கையில பஞ்சு ஒட்டியிருக்கு. கட்ட வெரல்ல மை…"

அவள் அழுதுகொண்டே மஞ்சக்குப்பத்துக்குப் பஸ் ஏறினாள். நான் அந்தத் தாளோடு தனியாக நின்றேன். அப்போதும் புத்தி போன இடத்தைப் பாருங்கள். என் கண் சுவர் அட்டைக்குத்தான் போனது. செத்தும் அவளுக்காக அல்லவா வந்திருக்கிறார்! எனக்காக உயிரோடு இருப்பவர்களே வரவில்லை.

தாளை நான்காகக் கிழித்தேன். எரிக்கும் குப்பையில் போட்டேன். ரத்தத்தை சிங்க்கில் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. கட்டம் காலியாகவே இருந்தது.

2010 மார்ச். சென்னையிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். விருத்தாம்பாளின் ஃபைலை எடுத்தார். நான்காவது நிமிடம் தலை நிமிர்ந்தார்.

"மாலதி யாரும்மா? இவங்க பதினெட்டாம் தேதி எறந்திருக்காங்க. பத்தொம்பதாம் தேதி எப்படி ரத்தம் எடுத்தீங்க?"

தாளை என் பக்கம் நகர்த்தினார்.

கிழிசல் இல்லை. மடிப்புக்கூட இல்லை. 120/80. என் கையெழுத்து. கைநாட்டைத் தொட்டேன்…

மை விரலில் ஒட்டியது.

அன்றே என் வேலை போனது. பொய்க்கணக்கு எழுதினேனாம். நிரந்தர வேலை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சுவர் அட்டையைப் பார்த்தேன். நாற்பதாவது கட்டத்தில் பச்சை மை.

"நான் போடல மாலதி," என்றாள் சந்திரலேகா. முகம் வெளுத்திருந்தது.

அவள் பொய் சொல்ல மாட்டாள். அவளிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.