வடிகாலில் கொட்டிய மண்

அந்தச் சனிக்கிழமை ஜெபக்கூட்டம் கிளப்பிவிட்ட கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

நீடாமங்கலம் பக்கம் என் அண்ணி ரோஸ்லின் வீடு. அண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த முறை அண்ணி தனியாக நின்று சம்பா நடவை முடித்தார். முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. நட்ட நாற்றின் நுனிகூடத் தெரியவில்லை. சீக்கிரம் தண்ணீர் வடியாவிட்டால் அத்தனையும் அழுகிவிடும்.

ஆறுதல் சொல்லத்தான் சபையிலிருந்து வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் சபை மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், கர்த்தர் நேசிக்கிறவங்களைத்தான் சிட்சிப்பார். போன வருஷம் வீட்டுக்காரர். இந்த வருஷம் வயல். உள்ளுக்குள்ள எதையோ சரிபண்ணச் சொல்றார்... யோசிச்சுப் பாருங்க."

அண்ணி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

ஏன் தெரியுமா? அண்ணி வயலுக்கு அடுத்த பள்ளத்து வயல் மூப்பருடையது. தன் டிராக்டர் போக வழி வேண்டுமென்று கோடையில் வடிகால் வாய்க்காலில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார். ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. அப்புறம் தண்ணீர் எங்கே போகும்? அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் இது தெரியும். பைபிளும் கையுமாக இருப்பவரிடம் யார் கேட்பது?

கர்த்தர் சிட்சிக்க மாட்டாரா? சிட்சிப்பார். என்னையே நன்றாக உலுக்கி எடுத்திருக்கிறார். ஆனால் அதை நான்தான் சொல்ல வேண்டும் — என் வாயால், என் கண்ணீரோடு. வாய்க்காலை அடைத்துவிட்டுப் பழியைப் பரலோகத்தின் மேல் போட நீங்கள் யார்?

கடைசியில், வழக்கம்போல் மூப்பர் கேட்டார். "ஜெபக் குறிப்பு ஏதாவது இருக்கா சிஸ்டர்?"

அண்ணி நிமிர்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்கய்யா. வடிகால்ல நீங்க போட்ட மண்ணை நாளைக்கே எடுக்கணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க."

மூப்பர் கண்ணை மூடிக்கொண்டார். வாயையும்தான். சரி என்று நானே உரக்க ஜெபித்தேன் — வாய்க்கால், மண், டிராக்டர் எதையும் விடவில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள், அவரைத் தவிர.

ஒருவழியாக, வியாழக்கிழமை பொக்லைன் வந்தது. மண்ணை எடுத்தார்கள். தண்ணீர் வடிந்தது. பாதிப் பயிர் பிழைத்தது.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல முதல் ஆளாக எழுந்தவர் மூப்பர். "நாம ஜெபிச்சோம். ரோஸ்லின் சிஸ்டர் வயல்ல கர்த்தர் தண்ணியை வடிய வச்சார்." சபை அல்லேலூயா என்றது.

சரி... அழுகிப்போன மீதிப் பாதிக்கு யார் எழுந்து சாட்சி சொல்வது?