அவன் எங்க இருக்கான்?

இருசம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் கை பேசும், அப்புறம்தான் வாய். குடித்துவிட்டு வந்து கூரையைப் பிய்த்த புருஷனை விளக்குமாற்றால் விளாசி வாசலில் உட்கார வைத்தவள். அவன் செத்த பிறகு மணலூர்பேட்டைப் பக்கம் ஆம்பிளைகளோடு சரிசமமாகக் கரும்பு வெட்டினாள். கையைப் பிடித்து இழுத்த மேஸ்திரியின் பைக் சாவியைப் பிடுங்கிக் கிணற்றில் வீசிவிட்டு, "போய் எடுத்துக்கினு வா" என்றாள். வடக்கனந்தலுக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்திலிருக்கும் காலனியில் அவளைக் கண்டால் நாய்கூட ஒதுங்கும் என்பார்கள். அந்த நாய்க்குச் சோறு போடுவதும் அவள்தான், அது வேறு கதை.

அப்படிப்பட்டவள் எட்டு வருஷத்துக்கு முன்னால் பாவாடையை அடித்த அடியை ஊர் இன்னும் மறக்கவில்லை. பாவாடை பக்கத்துத் தெருக்காரன். டிராக்டர் ஓட்டுகிறவன், அவளுக்குத் தம்பி முறை. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அவள் மகள் எழில்மதியிடம் தப்பாக நடந்துகொண்டான். நடந்ததைக் கோர்ட்டில் எழுதியாயிற்று. இங்கே இன்னொரு தரம் எழுதுவதற்கில்லை.

பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னதும் இருசம்மாள் ஓடிப்போய் ஓடுகிற டிராக்டரிலிருந்து அவனை இழுத்துக் கீழே போட்டாள். கரும்பால் அடித்தாள், கரும்பு முறிந்தது. கல்லை எடுத்தாள். முன்பல் கொட்டியது. இடது புருவம் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. ரத்தம் ஒழுக ஒழுகச் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய் ஸ்டேஷன் வாசலில் தள்ளினாள். "கொன்னிருப்பேன் சார். நான் உள்ள போயிட்டா எம்புள்ளய யாரு பாக்கறது?" என்றாள்.

சமாதானம் பேச ஊர்ப் பெரிய மனுஷர்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் அம்மாசி. "பொம்பளப் புள்ள விசயம், வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம், வுட்டுடு" என்றார். சாணி கரைத்து வைத்திருந்த வாளியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல ஊரிலிருந்து ஒருத்தன் வரவில்லை. அவளும் மகளும்தான் நின்றார்கள். பாவாடைக்கு ஏழு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானது.

அரசு வக்கீலம்மா சொன்ன ஒன்றை மட்டும் இருசம்மாள் முந்தானையில் முடிந்த மாதிரி வைத்துக்கொண்டாள். "புள்ள யாருன்னு வெளிய எங்கயும் தெரியக் கூடாதும்மா. ஊரைத் தாண்டிட்டா அவ மத்தப் புள்ளைங்க மாதிரி ஒரு புள்ள, அவ்ளோதான்." எழில்மதியைச் சேலத்தில் விடுதியில் சேர்த்தாள். கரும்பு வெட்டியே நர்சிங் வரை கொண்டுவந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் பாயில் படுத்தபின் பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்கும்.

"அவன் எங்கம்மா இருக்கான்?"

"கடலூர் ஜெயில்ல."

அது காதில் விழுந்தால்தான் பிள்ளைக்குத் தூக்கம் வரும்.

தண்டனை முடிந்து பாவாடை தன் அம்மா காசியம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மறுநாள் விடிந்ததும் இருசம்மாள் கரும்புக் கத்தியோடு அந்த வாசலில் போய் நின்றாள். கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். இருசம்மாள் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை.

"டேய், தலயத் தூக்கு. என்னப் பாரு."

நிமிர்ந்தான். தான் கிழித்த புருவத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"இஸ்கூல் பக்கம் போவாத. பசங்க வெளாடற எடத்துல நிக்காத. காலைல நான் வேலைக்குப் போறப்போ இந்த வாசல்ல என் கண்ணுல படணும். திரும்பி வர்றப்போவும் படணும். ஒரு நாள் படல, எங்க இருந்தாலும் வந்து கால வெட்டிடுவேன்."

"சரிக்கா."

"அக்கான்னு இன்னொரு தபா சொன்ன, நாக்கும் இருக்காது."

அப்படியே நடந்தது. போகும்போது பார்ப்பாள், வரும்போது பார்ப்பாள், காறித் துப்பிவிட்டு நடப்பாள். எழில்மதி போனில் கேட்டால், "அவங்கம்மா வூட்டு வாசல்ல. இப்பத்தான் பாத்துக்கினு வரேன்" என்பாள். பிள்ளையும் தூங்கினாள். மன்னித்துவிட்டாளா என்று சிலர் கேட்டார்கள். மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது! கண்ணில் படுகிற இடத்தில் அவன் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கெடுக்க வந்து சேர்ந்தான் தமிழ்வேந்தன். சாணி வாளி கவிழ்ந்த அம்மாசியின் மகன். இளைஞர் மன்றத் தலைவன், வார்டு தேர்தலுக்கு நிற்க ஆசைப்படுகிறவன். "அத்த, கிராம சபைல தீர்மானம் போடப் போறோம். அந்தாளுக்கு இந்த ஊர்ல வூடு கெடையாது, வேல கெடையாது, டீ கெடையாது. நீங்க ஒரு வார்த்த பேசுனா போதும்" என்றான்.

பேசினாள். கிராம சபையில் எழுந்து நின்று, "அவன ஜெயிலுக்கு அனுப்புனவ நானு. அப்போ எவன்டா சாட்சிக்கு வந்தீங்க? இப்போ வந்துட்டீங்க வீரனுங்க! அவன் இங்க இருந்தா எல்லார் கண்ணும் அவன் மேல இருக்கும். தொரத்துனா மல ஏறிப் போயிடுவான். அங்க அவன் யாருன்னு யாருக்குத் தெரியும்? மலைல இருக்கறது புள்ளைங்க இல்லியா?" என்றாள்.

"அத்த அவனுக்கே வக்காலத்து வாங்குறாங்கப்பா," என்று ஒருத்தன் சிரித்தான். இருசம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவன் மூஞ்சியில் அடித்தாள். நாலு பேர் பிடித்து இழுத்ததில் அவள் ரவிக்கை கிழிந்தது. இப்படி ஒரு தீர்மானத்தை எழுத முடியாது என்று வந்திருந்த அதிகாரியும் கையை விரித்துவிட்டார்.

எழுதாவிட்டால் என்ன, பிளெக்ஸ் இருக்கிறதே! அடுத்த நாளே பஸ் ஸ்டாப்பில் மூங்கில் நட்டு வைத்துவிட்டார்கள். பெரிதாக ஒரு முகம். பெயர், குற்றம், 'இவனுக்கு யாரும் இடம் கொடுக்காதீர்' என்று சிவப்பு எழுத்து. கீழே மூலையில் கைகூப்பிச் சிரிக்கும் தமிழ்வேந்தன். இருசம்மாள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த மூஞ்சியை அவ்வளவு பெரிசாகப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பார்த்திருந்தால் அது பாவாடை இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். பாவாடையின் படம் யாரிடமும் இல்லை. அவன் அக்கா மகளின் காதுகுத்துக்கு எப்போதோ அடித்த பேனர் பிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதில் தாய்மாமன்கள் என்று இரண்டு முகம் பக்கத்தில் பக்கத்தில். கடைக்காரப் பையன் வலது பக்கத்தை எடுப்பதற்குப் பதில் இடது பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டான். அது தம்பி தங்கதுரை. எலவனாசூர்கோட்டையில் பெண் கட்டி அங்கேயே ஆட்டு வியாபாரம் பார்க்கிறவன். அண்ணனும் தம்பியும் ஒரே ஜாடைதான். காலனியில் ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இது சின்னவன் மாதிரி இல்ல?" என்று கேட்டாராம். "வுடுங்க மாமா, ஒரே ரத்தந்தானே. மறுபடியும் எவன் அலையறது?" என்றானாம் தமிழ்வேந்தன். அதே படம் போனில் ஊர் ஊராகப் போனது.

பிளெக்ஸ் வைத்த அன்றே உச்சிவெயிலில் காசியம்மாள் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். கிழவி வாசலில் குறுக்கே விழுந்தாள். கம்பால் அடித்ததில் மணிக்கட்டு நொறுங்கியது. பாவாடை பின்பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஓடினான். கரும்புக் கொல்லையிலிருந்து புகையைப் பார்த்துவிட்டு இருசம்மாள் ஓடி வரும்போது கூரை உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கிழவியைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் போட்டவளும் அவள்தான். வேறு ஒரு நாதி வரவில்லை.

அந்த வாரம் வெளியூர்ச் சந்தையில் அவள் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தபோது ஆட்டுப் பக்கம் கூச்சல் கேட்டது. ஏழெட்டு இளவட்டங்கள் ஒருத்தனை மண்ணில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் பெல்ட்டைச் சுழற்றினான். இன்னொருத்தன் ஆடு கட்டும் முளைக்குச்சியைப் பிடுங்கி முகத்திலேயே குத்தினான். குறுக்கே வந்த ஆட்டுக்குட்டி ஒன்று மிதிபட்டுச் செத்தது. "சின்னப் புள்ளைங்க மேல கைய வெப்பியாடா?" என்று கத்திக்கொண்டே போனைக் காட்டிக் காட்டி அடித்தார்கள். கீழே கிடந்தவன், "நான் இல்லீங்க, நான் அவன் தம்பிங்க" என்று சொல்லச் சொல்ல வாயில் உதைத்தார்கள்.

இருசம்மாள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள். "டேய், இவன் இல்லடா அவன்! வுடுங்கடா!"

"உனக்கு எப்டித் தெரியும்? போட்டோவுல இவன்தான் இருக்கான்."

"போட்டோ தப்புடா!"

"யாரும்மா நீ? இவனுக்கு அக்காவா? இன்னா ஜாஸ்தி துள்ற?" பின்னாலிருந்து ஒருத்தன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்துத் துப்பினாள். காதோடு சேர்த்து ஒரு அறை விழுந்தது. சுற்றிலும் போன்கள் மேலே நின்றன. எல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

நீ யாரு என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் செல்லும். எட்டு வருஷமாக வெளியூரில் எவரிடமும் சொல்லாத பதில். சொன்னால் தங்கதுரை பிழைப்பான், எழில்மதி அகப்பட்டுக்கொள்வாள். சொல்லாமல் திரும்பி நடந்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டுகூட நின்றாள் அந்த மகராசி. அதற்குள் முளைக்குச்சி மறுபடி இறங்கியது. தங்கதுரையின் கண் உடைந்து கன்னத்தில் வழிந்தது.

"நான் அந்தப் புள்ளயோட அம்மாடா!" என்று அலறினாள். "அவன் எடது புருவத்தக் கல்லால கிழிச்சது இந்தக் கை. இவன் புருவத்தப் பாருங்கடா, பாவிங்களா!"

யாரோ குனிந்து ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தார்கள். புருவம் முழுசாக இருந்தது. அடித்தவர்களில் ஒருத்தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டே நழுவினான். கொஞ்ச நேரத்தில் அங்கே அவளும் கருவாட்டுக்காரம்மாவும்தான் நின்றார்கள். இரண்டு பேருமாகத் தங்கதுரையைத் தூக்கி ஒரு குட்டியானை வண்டியில் போட்டார்கள். உயிர் தங்கியது, கண் போனது.

அந்த வீடியோ அன்றைக்கே சேலம் போய்ச் சேர்ந்தது.

எழில்மதி ஊருக்கு வந்த நாளில் இருசம்மாள் கரும்புக் கொல்லையிலிருந்து நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றாள். கத்தி இடுப்பில்தான் இருந்தது. தமிழ்வேந்தன் தப்பைத் திருத்திவிட்டானாம். ஜெயில் படம் ஒன்றை எங்கேயோ பிடித்துப் புது பிளெக்ஸ் கட்டியிருந்தான். இந்தத் தடவை சரியான முகம், கிழிந்த புருவத்தோடு. பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளை நிமிர்ந்தாள். எட்டு வருஷமாகப் பார்க்காத அந்த முகம் தலைக்கு மேலே நின்றது. அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

இருசம்மாள் முதுகைத் தடவினாள். "அடிச்சிக்கினு இருந்தாங்கடி. நான் சொல்லலன்னா செத்திருப்பான்."

"தெரியும்மா. ஹாஸ்டல்ல எல்லாரும் பாத்துட்டாங்க." பிள்ளை துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள். "அவன் இப்ப எங்கம்மா இருக்கான்?"

இருசம்மாள் இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள். எழுந்துபோய் மூங்கிலைக் கரும்பு வெட்டுகிற மாதிரி அடியோடு வெட்டினாள். பிளெக்ஸ் சரிந்தது. டீக்கடையிலிருந்து ஓடிவந்து தமிழ்வேந்தன் அவள் கையைப் பிடித்தான். கத்தியின் பின்பக்கத்தால் அவன் மணிக்கட்டில் போட்டாள் ஒரு போடு. "ஐயோ" என்று மண்டியிட்டவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள்.

"எம்புள்ள கேக்கறாடா. சொல்லு. அவன் எங்க இருக்கான்?"

"எனக்கு எப்டித் தெரியும் அத்த?"

அவனை விட்டுவிட்டு மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் அவள்மேல் கேஸ் போட்டார்கள்.

இப்போதெல்லாம் வேலை இல்லாத நாளில் இருசம்மாள் வெள்ளிமலை பஸ் ஏறுகிறாள். மரவள்ளிக் கொல்லைகளிலும் கல் வேலை நடக்கிற இடங்களிலும் இறங்கி, இடது புருவம் கிழிந்த ஆள் ஒருத்தன் வேலைக்கு வந்தானா என்று கேட்கிறாள். வழியில் பள்ளிக்கூடம் தெரிந்தால் கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்படி யாரையும் பார்க்கவில்லை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எழில்மதி போனில் அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டாள். ராத்திரி அவள் அறையில் விளக்கை அணைப்பதே இல்லை என்று கூடப் படிக்கிற பெண் சொன்னாள்.