நாற்பதாவது எல்லைக்கல்

கண்ணாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் 1931 கோடையில் அவள் கல்லில் எண் வெட்டினாள்.

தேவனூர் நாடு என்ற மலைப்பகுதியில் காட்டு எல்லைக்கு எழுபத்திரண்டு கற்கள் நடும் வேலை அவள் கணவன் முத்தனுக்குக் கிடைத்திருந்தது. முப்பத்தேழாம் கல்லை நட்ட அன்று இன்னொரு கல் உருண்டு அவன் வலக்கை விரல்களை நசுக்கியது. வேலை கைவிட்டுப் போய்விடுமே என்று யாரிடமும் சொல்லாமல் உளியைக் கண்ணாயி எடுத்துக்கொண்டாள். கொழுந்தன் வேலப்பன் கல்லைத் தூக்கி நட்டான்.

வளைவில்லாத கோடுதான் உளிக்குச் சுலபம் என்று சர்வேயர் அர்த்தனாரி ரோமன் எண்களை வெட்டச் சொல்லியிருந்தார். X பத்து, L ஐம்பது. சின்னது பெரியதற்குப் பின்னால் நின்றால் கூட்டவேண்டும், முன்னால் நின்றால் கழிக்கவேண்டும். பன்னிரண்டால் மீதியில்லாமல் வகுபடும் எண்ணுக்கு மட்டும் ஓர் அடிக்கோடு. வனக்காவலர் நடக்கும் தடம் அந்தக் கல்லில் பிரியும். காரணி என்ற சொல்லைக் கண்ணாயி கேட்டதில்லை. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவாள். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு கணு. கடைசிக் கணுவில் முடிந்தால் கோடு.

அறுபதாம் கல் கடைசிக் கணுவில் முடிந்தது. LX வெட்டிக் கோடும் இழுத்தாள். உளி அப்படியே நின்றது. இதே இரண்டு எழுத்தை முன்பும் வெட்டியிருக்கிறாள், கோடு இல்லாமல். ஊர்க்காரி மாதம்மாளின் சாமைக்கொல்லை மூலையில்.

அது நாற்பதாம் கல். XL என்று இருக்கவேண்டும்.

சர்வேயர் கற்களை எண் வரிசையில் கோடிட்டு இணைத்துத்தான் படம் வரைவார். எல்லை அந்த நாற்பதாம் கல்லில்தான் திரும்பிக் கொல்லையைச் சுற்றிப் போகிறது. அதை அறுபது என்று படித்து விட்டுவிட்டு முப்பத்தொன்பதையும் நாற்பத்தொன்றையும் நேராக இணைத்தால் கொல்லை முழுதும் சர்க்கார் காட்டுக்குள் போய்விடும். மாதம்மாளுக்கு வேறு நிலம் கிடையாது.

"நாளைக்கு அவரு கல்லுப் பாக்க வாராரு," என்றான் முத்தன், அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும். "சொன்னா, நீ வெட்டுன சங்கதியும் வெளிய வந்துரும்."

"சொல்லாட்டி?"



விடிந்ததும் அவள் போய், அந்த நாற்பதாம் கல்லின் முகத்தை விரற்கடை ஆழத்துக்குச் செதுக்கத் தொடங்கினாள். வெயில் ஏறிவிட்டால் அவர் வந்துவிடுவார். L போயிருந்தது, X பாதி இருந்தது, அப்போது பின்னால் குரல் கேட்டது.

"ஏம்மா, எல்லைக்கல்லை எதுக்குச் சிதைக்கிறே?"

சர்வேயர்தான். அவள் எழுந்து நின்றாள்.

"தப்பா வெட்டிட்டனுங்க சாமி. இது அறுபதில்லீங்க, நாப்பது."

"நீயா வெட்டினே?"

"ஆமாங்க. அவருக்குக் கை நசுங்கிப் போச்சுங்க. முப்பத்தெட்டுல இருந்து நாந்தானுங்க."

"தப்புன்னு எப்படித் தெரிஞ்சது?" என்றார் அவர்.

அவள் கணுக்களைத் தொட்டுக் காட்டினாள். "நாப்பதுன்னா மூணு சுத்துப் போக நாலு மிச்சமுங்க. அறுபதுக்கு அஞ்சு சுத்து, மிச்சமே இல்லீங்க. அதுக்குக் கோடு வேணும். இதுல கோடு இல்லீங்களே."

அர்த்தனாரி படத்தை விரித்தார். அவருடைய ஆள் குறித்துவந்த பட்டியலில் நாற்பது இல்லாததால், முப்பத்தொன்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே பென்சில் கோடு ஏற்கெனவே நேராக ஓடியிருந்தது. ரப்பரை எடுத்து அதை அழித்தார்.

"வெட்டு. நான் பாக்கணும்."

முதலில் X, அப்புறம் L. அவர் அத்தோடு விடவில்லை. முப்பத்தெட்டிலிருந்து எல்லாக் கல்லுக்கும் அவளை நடத்திக் கூட்டிப்போனார்.

"நாப்பத்தெட்டு?"

"கோடுங்க."

"அம்பத்துநாலு?"

"ஆறு மிச்சமுங்க. கோடில்லீங்க."

வேறு பிழை இல்லை. "மிச்சத்தை முடிச்சிரு," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். பதிவேட்டில் முத்தன் பெயரே இருந்தது.

முத்தனின் இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. பக்கத்துப் பெரக்கரை நாட்டில் பின்னால் வந்த வேலைகளையும் கண்ணாயியே செய்தாள். கரியால் எழுதிப் பார்த்து, மூன்று முறை எண்ணிய பிறகும், முதல் அடி விழும்வரை அவளுக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருக்கும்.