சத்து மாத்திரை போட்டால் அது ஊக்கமருந்து இல்லையாம்!

1984 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை, காலை எட்டே கால் மணி. எடை மெஷினில் 69 கிலோ.

மேலே நின்றவன் பாண்டி. இருக்க வேண்டியது அறுபத்தேழரைக்குள்!

(மாணவர்களும் ஊக்கமருந்தும் என்று ஒரு நண்பர் இன்று பதிவு போட்டிருந்தார். “எங்க காலத்துல அதெல்லாம் ஏது?” என்று கீழே ஒருவர். அண்ணே, உங்களுக்காகத்தான் இது.)

பாண்டி அலங்காநல்லூர்ப் பக்கம். பி.ஏ. படித்தான். நான் இன்ஜினியரிங். பழங்காநத்தத்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அவன் பளு தூக்குவான், நான் அவன் பையைத் தூக்குவேன்.

அன்று கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ஜெயித்தால் பல்கலைக்கழக அணி. அணியில் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அவனுடைய பி.ஏ.வை நம்பி வீட்டில் யாரும் இல்லை. அவனும் இல்லை.

இரண்டு மாதமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே பாட்டு.

“என்ன மாப்ள, உடம்பு வச்சிருச்சு!”

“பூசுனாப்புல ஆயிட்டியேடா, கல்யாணக் களை!”

கன்னம் இரண்டும் பன் மாதிரி. பாண்டி பெருமையாகத் தடவிக்கொள்வான். நம் ஊரில் முகம் உப்பினால் ஆரோக்கியம். அதற்கு மேல் பரிசோதனை கிடையாது!

எடை பார்த்தவர் நிமிரவே இல்லை.

“ஒன்றரைக் கிலோ கூட இருக்குப்பா. ஒன்பது மணிக்குள்ள இறக்கிட்டு வந்தா இதே பிரிவு. இல்லாட்டி எழுபத்தஞ்சுல தூக்கு.”

எழுபத்தைந்தில் நின்றவர்களைப் பார்த்தேன். பாண்டியையும் சேர்த்துத் தூக்குவார்கள்.

அவனோடு ஜிம்முக்குப் போகும் செல்வம் சட்டைப்பையில் கையை விட்டான்.

“இதுக்குப் போயி முழிக்கிறியே மாப்ள. நீர் மாத்திரை. ரெண்டைப் போடு, பாத்ரூம் போயிட்டு வா, எடை தன்னால இறங்கிரும்.”

“டேய், அது ஊக்கமருந்துடா” என்றேன்.

“எதுடா ஊக்கம்? ஒண்ணுக்குப் போறதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை மணி நேரம் முன்னால்தான் இதே வரிசையில் பி.டி. மாஸ்டர் கேட்டிருந்தார், “யாராச்சும் ஊக்கமருந்து போடுறீங்களாடா?” என்று. “இல்ல சார்!” என்று கோரஸ். அதில் பாண்டி குரல்தான் பெரிது.

பொய் சொல்லவில்லை அவன். தினமும் காலையில் காப்பியோடு போட்டது, ஜிம் மாஸ்டர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த ‘சத்து மாத்திரை’. சத்து என்றால் சத்து. ஊக்கமருந்து ரஷ்யாக்காரன் போடுவது!

“பாண்டி, ஒரே நிமிஷம். முதலுதவி மேசையில டாக்டரம்மா இருக்காங்க. காட்டிட்டுப் போடு.”

அவன் கையில் இரண்டு நீர் மாத்திரைகள். என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

“நீ இன்ஜினியரிங்கு. ஒனக்கு எங்கயாச்சும் வேலை கெடைச்சிரும். எனக்கு இது ஒண்ணுதான்டா இருக்கு. விடு, போட்டுட்டு வாரேன்.”

சமாதானம் பேச எனக்குப் பொறுமை கிடையாது. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தி எடுத்தார்.

குழி விழுந்தது. நிரம்பவே இல்லை.

“என்ன மாத்திரை சாப்பிடுறே?”

“சத்து மாத்திரை மேடம்.”

பையில் இருந்த பொட்டலத்தை நான் நீட்டினேன். பிரித்துப் பார்த்தார்.

“இது ஸ்டீராய்டு. மூச்சிரைப்புக்காரங்களுக்கு நாங்க எழுதிக் கொடுக்கிறது. இது சதையை வளர்க்காது தம்பி, கரைக்கும். நீ ஏத்தி வச்சிருக்கிறது சதை இல்ல, தண்ணி.”

“தண்ணியா?”

“தண்ணிதான். இதுக்கு மேல நீர் மாத்திரையும் போட்டு, இந்த வெயில்ல எடையையும் தூக்கினா, நெஞ்சு எப்ப நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. இதையும் பட்டுனு நிறுத்திடாதே, அதுவும் ஆபத்து. கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும். திங்கக்கிழமை ஓ.பி.க்கு வா.”

பாண்டி தன் காலில் விழுந்த குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு செல்வத்திடம் போய் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்தான். எடை மேசைக்குப் போனான்.

“எம் பேரை அடிச்சிருங்க சார்.”

“எழுபத்தஞ்சுல தூக்கலாமேப்பா?”

“அடிச்சிருங்க சார்.”

திரும்பி வர பஸ் ஏறினோம். எனக்கும் அலுத்துப் போயிருந்தது. தெப்பக்குளம் தாண்டியதும் அவனாகவே வாயைத் திறந்தான்.

“தண்ணி வத்துனா பழையபடி ஒல்லியாயிருவேன்லடா?”

“ஆயிருவ.”

“அடுத்த மாசம் அம்மா வாரேன்னுச்சு. போன தடவை பார்த்துட்டு, ‘எம் புள்ள இப்பத்தான்டா ஆளாயிருக்கான்’னு அம்புட்டு சந்தோசப்பட்டுச்சு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்குவதற்குள் மனதில் போட்ட கணக்கு:

1. திங்கட்கிழமை ஓ.பி. அவன் வராவிட்டாலும் இழுத்துக்கொண்டு போவது.

2. அதே பொட்டலம் வாங்கும் மற்ற பையன்களிடம், செல்வத்தையும் சேர்த்து, கணுக்காலை அழுத்திப் பார்க்கச் சொல்வது. (அடி விழுந்தால் வாங்கிக்கொள்வது.)

3. பாண்டியின் அம்மா வந்து, “நல்லா இருந்த புள்ள இப்படி எளச்சுப் போச்சே, என்னய்யா ஆச்சு?” என்று என்னிடம் கேட்கும்போது, “இப்பத்தாம்மா நல்லா இருக்கான்” என்று சொல்வது. அவர் நம்பும்வரை சொல்வது.