எட்டு என்று எழுதியிருந்த லென்ஸ்

கறுப்பாக வந்திருந்த பன்னிரண்டு படங்களையும் ஆலை சூப்பிரண்டு என் மேசைமேல் விசிறியடித்தார். ஒன்று வழுக்கிப்போய்க் களிமண் வாளிக்குள் விழுந்தது. "பொம்பள கையில கேமராவக் குடுத்தா கரிச்சட்டிதான் வரும்," என்றார். சோதனைக்கூடத்தில் இருந்த நான்கு ஆண்களும் சிரித்தார்கள். அந்த ஆளை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம், எனக்கு வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையின் சோதனைக்கூடத்தில் நான் உதவியாளர். கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். மின்கம்பத்தில் மாட்டுகிற பழுப்புப் பீங்கான்கள்தான் எங்கள் சரக்கு. அந்தக் கோடையில் ஒரு சூளைச் சரக்கு முழுவதும் மயிரிழை விரிசலோடு வெளியே வந்தது. சரியாகக் காயும் முன்பே சூளையில் ஏற்றச் சொன்னவர் சூப்பிரண்டு. பழியை மட்டும் சூளையில் சரக்கு அடுக்கும் திட்டக்குடிக்காரர்மேல் போட்டார். சுட்ட பிறகு இறக்கும்போது அவர் மோதிவிட்டாராம்.

உண்மையை விரிசலே சொல்லிவிடும். சுடுவதற்கு முன்பே விரிந்திருந்தால், மேலே பூசிய பழுப்புப் பூச்சு சூட்டில் உருகிப் பிளவுக்குள் இறங்கியிருக்கும். சுட்ட பின் விரிந்ததென்றால் உள்ளே வெறும் வெள்ளைதான். ஒன்றை விரிசல் வழியே உடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைக்குள் பழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் சென்னையிலிருந்த மேலாளர் படம் கேட்டிருந்தார். என் படமோ கறுப்பு. "படத்துலயே ஒண்ணும் இல்ல. இவன் மோதுனதுதான்," என்று சூப்பிரண்டு அடுக்குபவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எங்கே தவறினேன்? லைட் மீட்டர் சொன்னபடியேதான் லென்ஸின் துவாரத்தை எட்டில் வைத்து, முப்பதில் ஒரு பங்கு நொடி கொடுத்திருந்தேன். அதே கணக்கில் தூரத்திலிருந்து எடுத்த ஆலைப் படங்கள் பளிச்சென்று இருந்தன. கோபத்தில் சாப்பாட்டை மறந்து, அளவுகோலைக் கேமராமேல் வைத்துப் பார்த்தேன். சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்க, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே குழாய்களை மாட்டியிருந்தேன். அதனால் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இருந்த தூரம் இரண்டு மடங்காகியிருந்தது. டார்ச்சைச் சுவரிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் பிடித்தால் வெளிச்சம் நாலு மடங்கு இடத்தில் பரவி மங்கிவிடும் அல்லவா, அதேதான். வளையத்தில் எட்டு என்று எழுதியிருக்கும். பிலிமில் விழுவதோ பதினாறின் வெளிச்சம்; எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும், பதினாறில் வருவது எட்டில் வருவதில் கால்வாசிதான். லென்ஸ் அதைச் சொல்லாது. லைட் மீட்டருக்கும் தெரியாது.

மறுநாள் நேரத்தை நாலு மடங்காக்கி, எட்டில் ஒரு பங்கு நொடி கொடுத்து எடுத்தேன். விரிசலுக்குள் பழுப்பு நாக்கு நீட்டியதுபோல் தெரிந்தது. கூடவே ஒரு நல்ல பீங்கானைச் சுத்தியலால் உடைத்து, அதையும் அதே அளவில் எடுத்தேன். இரண்டையும், கொடுத்த வெளிச்சக் கணக்கை எழுதிவைத்து, நானே சென்னைக்குத் தபாலில் போட்டேன்.

மேலாளர் அந்தப் படங்களோடு நேரில் வந்தார். சூப்பிரண்டு அசரவில்லை. "நாலு மடங்கு வெளிச்சம் குடுத்தா இல்லாத கறையும் தெரியும் சார். இது இந்தப் பொண்ணு செஞ்ச வேலை."

நல்ல பீங்கானின் படத்தை எடுத்து நீட்டினேன். "இதுக்கும் அதே வெளிச்சந்தாங்க குடுத்தேன். இதுல ஏங்க கறை இல்ல?"

மேலாளர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சூப்பிரண்டைப் பார்த்து, "எத்தனை நாள் காய வச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுக்குபவர் வேலைக்குத் திரும்பினார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "ஒன்பது நாளு வூட்டுல சோறு வேவல," என்றார், என் முகத்தைப் பாராமலே. "மொத தடவையே ஒழுங்கா எடுத்திருந்தா இது ஏம்மா?" நியாயமான கேள்வி.

சூப்பிரண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே வாரத்தில் கேமராவைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். என்னை மண் கிடங்குக்கு மாற்றினார். அவர் ஓய்வு பெறும்வரை, நான்கு வருடம், அந்தத் தூசிக்குள்தான் இருந்தேன்.

இப்போது கைபேசியை எறும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் வெளிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது. யாரும் திட்டு வாங்க வேண்டியதில்லை. அந்த நான்கு வருடம் முடிந்து நடந்த அவருடைய பிரிவு உபசாரத்தில், மாலையோடு உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "கேமராவை நீயே எடும்மா. உனக்குத்தான் கிட்ட வச்சி நல்லா எடுக்கத் தெரியும்."

எல்லோரும் பார்த்தார்கள். "வேற ஆளப் பாருங்க சார்," என்று சொல்லிவிட்டு, கம்மாபுரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன்.